ஒன்பதில் வைக்கவும்

திருகாணிகளை எந்த வரிசையில் கழற்றுகிறீர்களோ அந்த வரிசையிலேயே இந்தத் தட்டில் வையுங்கள், தம்பி. உங்களுக்குத் தெரியாதென்று சொல்லவில்லை. சென்ற முறை உங்கள் நிறுவனத்திலிருந்து வந்தவர் எல்லாவற்றையும் குவியலாகப் போட்டார். திரும்பப் பூட்டியபின் ஒன்று மிஞ்சிவிட்டது என்றார். மிஞ்சிய திருகாணியை உறையிலிட்டு, தேதி எழுதி, இன்றும் அந்த இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

உங்கள் பெயர் பூபாலன். வருகைப் பதிவேட்டில் பார்த்தேன். வந்த நேரத்தை எழுதியிருக்கிறீர்கள். 'கொண்டுவந்த பொருள்கள்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். கையில் கருவிப்பெட்டி இருக்கிறதே. போகும்போது நிரப்பிவிடுங்கள். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. எழுத ஒன்றுமில்லையென்றால் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால், பார்த்தோம், சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள். கோடு இல்லையென்றால், பார்க்கவே இல்லை என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல. முப்பத்தோராண்டுகளாக இந்த ஆய்வகத்தின் தொழில்நுட்ப அலுவலராக இருக்கிறேன். இதைத்தான் சொல்லி வருகிறேன். மாணவர்கள் எனக்குக் கோடு மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதுபடச் சொல்ல மாட்டார்கள். ஒருத்தி மட்டும் எழுத்திலேயே கொடுத்தாள். அவளுக்காகத்தான் உங்களை வரவழைத்திருக்கிறேன்.

நீங்கள் வேலையை நிறுத்த வேண்டாம். கை அதன் வேலையைச் செய்யட்டும். எனக்குக் காது போதும்.

பெர்னதெத் என்று பெயர். மணப்பாட்டுக்காரி. ஆறாண்டுகளாக இங்கே முனைவர்ப் பட்ட ஆய்வு செய்கிறாள். வந்த முதல் வாரத்திலேயே பதிவேட்டில் வெள்ளை மை பூசித் தேதியைத் திருத்தினாள். அப்படிச் செய்யக் கூடாது. தவறானதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பமிட வேண்டும். அடித்ததும் தெரிய வேண்டும், திருத்தியவர் யார் என்பதும் தெரிய வேண்டும். விளக்கக் கடிதம் எழுதி வரச் சொன்னேன். மூன்று பக்கம் எழுதி வந்தாள். கடைசி வரி: "இனிமேல் கோடு மேடம் சொல்லுகிறபடி கோடு போட்டு நடப்பேன்." எழுதிக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு சிரித்தேன்.

அவள் செய்த வேலையைச் சொன்னால்தான் நீங்கள் பிரித்துக்கொண்டிருக்கும் இந்தப் பொறியில் என்ன நடந்ததென்று விளங்கும். உடம்புக்குள் கிருமி நுழைந்தால் முதலில் ஓடி வரும் வெள்ளணு ஒன்று உண்டு. நியூட்ரோபில் என்பார்கள். கிருமியை விழுங்கும். விழுங்க முடியாமற்போனால், தன் உட்கருவில் இருப்பதையே அவிழ்த்து வலையாக வெளியே வீசிக் கிருமியைச் சிக்க வைக்கும். வீசிய பிறகு பெரும்பாலும் அது உயிரோடிருக்காது. பெர்னதெத் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினாள். பச்சையாக, இழை இழையாகத் தெரிந்தது. "எங்கூர்லயும் வலைதான் வீசுதாவ மேடம். ஆனா வீசுனவன் வீட்டுக்கு வந்துருவான்" என்றாள். அவளுடைய தகப்பனார் கடலுக்குப் போகிறவர்.

சுண்டெலியின் இரத்தத்தில் இந்த அணு குறைவு. எலும்பு மஜ்ஜையில் நிறைய. ஆகவே எலியைக் கொன்று, விதிப்படிதான், வலி தெரியாமல்தான், அதற்கும் படிவம் உண்டு, பின்னங்கால் எலும்புகளை எடுப்பார்கள். தீக்குச்சியில் பாதி நீளம்கூட இராது. இரு முனைகளையும் வெட்டி, மெல்லிய ஊசியால் குளிர்ந்த திரவத்தைச் செலுத்தினால் மஜ்ஜை சிவப்பு நூலாக வெளியே வந்து விழும். எலும்பு வெளுத்துவிடும். வெளுக்கும்வரை செலுத்த வேண்டும்.

அந்த மஜ்ஜையில் எல்லா அணுக்களும் கலந்து கிடக்கும். பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. குழாயில் அடர்த்தி மிகுந்த திரவம் அடியில். அடர்த்தி குறைந்தது அதன்மேல். மஜ்ஜை அதற்கும் மேல். ஒன்றோடொன்று கலவாதபடி சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிறகு இந்தச் சென்ட்ரிஃபியூஜில் அரைமணி நேரம் சுழற்றினால், நியூட்ரோபில் அந்த இரண்டு திரவங்களுக்கும் நடுவே வெள்ளைப் படலமாக வந்து நிற்கும். பொறி தானாகவே ஓய்ந்து நின்றால் படலமும் நிற்கும். பிரேக் பிடித்து நிறுத்தினால் கலங்கிவிடும். அதனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பிரேக் சுழியத்தில் இருக்க வேண்டும். மற்ற எல்லா வேலைக்கும் ஒன்பதில், முழு பிரேக்கில்.

மூடியின்மேல் ஒட்டியிருக்கிறதே, 'பயன்படுத்தியபின் பிரேக்கை ஒன்பதில் வைக்கவும்' என்று, அது நான் ஒட்டியதுதான். ஒருமுறை யாரோ சுழியத்தில் விட்டுப் போக, அடுத்து வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் காத்து நின்றார்கள். எவருக்கும் காரணம் தெரியவில்லை. அன்றே ஒட்டினேன். மேலே நெகிழித்தாள் போட்டிருப்பதால் எழுத்து அழியவில்லை, பாருங்கள்.

அவளுடைய எலிகள் சாதாரண எலிகள் அல்ல. ஒரு மரபணு நீக்கப்பட்டவை. அந்த மரபணு இல்லாத எலியின் அணு வலை வீசுமா, வீசாதா? அவளுடைய ஆறாண்டுக் கேள்வி இதுதான். வீசவில்லை என்று இரண்டு முறை கண்டுவிட்டாள். மூன்றாம் முறையும் கண்டால்தான் பேராசிரியர் ஏற்பார். இதற்குள் விலங்குக் கூடத்தில் தொற்று வந்துவிட்டது. இவளுடைய கூண்டுகளில் இல்லை. ஆனால் அறை ஒன்றுதான். சனிக்கிழமையன்று அறையிலுள்ள எல்லா எலிகளையும் அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு. எஞ்சிய நான்கு எலிகளை வியாழனன்று பயன்படுத்திக்கொள்ள அனுமதித்தார்கள். நான்கே நான்கு. அந்த வம்சம் இனி வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அரை ஆண்டுக்குமேல் ஆகும்.

வியாழக்கிழமை. சென்ற மாதம் பதினெட்டாம் தேதி. காலையில் என்னிடம் வந்து, "மேடம், இன்னைக்கு எல்லாரும் என்னய விட்டுத் தள்ளியே நில்லுங்க. எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு வச்சுக்கிடுங்க" என்றாள். நான்கு கூண்டுகளின் சீட்டுகளையும் கழற்றித் தன் குறிப்பேட்டில் ஒட்டியிருந்தாள்.

என் சுற்று மூன்றரை மணிக்கு. தினமும் உண்டு. தராசு துடைத்திருக்கிறதா, நீர்த்தொட்டியில் நீர் இருக்கிறதா, குளிர்பெட்டி சாத்தியிருக்கிறதா, சென்ட்ரிஃபியூஜின் பிரேக் ஒன்பதில் இருக்கிறதா; மொத்தம் பதினேழு இனங்கள். அன்றும் பட்டியலோடு வந்தேன். பொறி சும்மா நின்றது. பதிவேட்டைப் பார்த்தேன். அன்றைய தேதியில் காலைப் பதிவு ஒன்றுதான் இருந்தது. பிரேக் சுழியத்தில் இருந்தது.

ஒன்பதில் வைத்தேன்.

அவ்வளவுதான், தம்பி. நான் செய்தது அவ்வளவுதான். பட்டியலில் குறியிட்டேன்.

வெப்பநிலை இருபத்தைந்தில் இருந்தது. எப்போதும் நான்கில் இருக்கும். பார்த்தேன். யாரோ எதற்கோ ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியிருக்கலாம். என் பட்டியலில் வெப்பநிலை கிடையாது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் முதுகு தெரிந்தது. குழாய்களில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் கை அசைந்துவிடும். அதனால் கூப்பிடவில்லை. அவள் வேலைக்குக் கொடுத்த மரியாதை அது.

பதிவேட்டில் ஏன் எழுதாமல் விட்டாள் என்று கேட்கிறீர்கள். கையுறை அணிந்த கையால் பதிவேட்டைத் தொடக் கூடாது. அதுவும் நான் வைத்த விதிதான். பொறியை ஓடவிட்டு, கையுறையைக் கழற்றி, கை கழுவி, பிறகுதான் எழுதுவார்கள். அவளும் அப்படித்தான் எழுதினாள். நான்கு மணி எட்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறாள். வேகம், வெப்பநிலை, நேரம், பிரேக் சுழியம். நான்கும் எழுதியிருக்கிறாள். சுழியம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறாள்.

நான்கு முப்பத்தெட்டுக்கு நான் என் மேசையில் இருந்தேன். பொறி ஓயும் ஓசை உங்களுக்குத் தெரியும். நெடுநேரம் இழுக்கும். அன்று இழுக்கவில்லை. அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. ஓசையைக் கேட்டேன். கேட்டதுமே தெரிந்துவிட்டது எனக்கு.

அவள் மூடியைத் திறந்து குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படலம் எதுவும் இல்லை. அடிமுதல் நுனிவரை ஒரே கலங்கல், இளஞ்சிவப்பாக. நான்கு குழாய்களும் அப்படியே. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பார்த்ததையே மறுபடியும் பார்த்தாள்.

"நான் பிரேக்க எடுத்துவிட்டேன்லா மேடம்?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. குழாயைப் பார்த்துக் கேட்டாள்.

நான், "ஓட விடுவதற்குமுன் பதிவேட்டில் எழுதினாயா?" என்றேன்.

"இல்ல மேடம். பொறவுதான் எழுதுனேன்."

"முன்பே எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றுமில்லை. இத்தனை நாளாகத் தேடிப் பார்க்கிறேன், பொய் ஒன்றுமில்லை.

அவள் விடவில்லை. கலங்கலிலிருந்து அணுக்களை மறுபடியும் கழுவி எடுத்து, புதிதாக அடுக்கி, இந்த முறை பிரேக்கை ஐந்து தடவை பார்த்து, சுழற்றினாள். நானும் பக்கத்திலேயே நின்றேன். திரவத்தை ஊற்றிக் கொடுத்தேன், பனிக்கட்டி கொண்டுவந்து கொடுத்தேன். இத்தனை ஆண்டுகளில் எந்த மாணவருக்கும் நான் பனிக்கட்டி சுமந்ததில்லை. மெல்லிய படலம் ஒன்று வந்தது. ஆனால் இந்த அணுக்களுக்குப் பொறுமை கிடையாது, தம்பி. சில மணி நேரம்தான் ஆயுள். அலைக்கழித்தால் அதுவும் இல்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது பாதிக்குமேல் செத்துத் திரண்டு கிடந்தன. மிஞ்சியவற்றை எண்ணிவிட்டுத் தலையை ஆட்டினாள். "ஒண்ணுக்கும் ஆவாது மேடம்" என்றாள். பிறகு எலும்புகள் கிடந்த தட்டைப் பார்த்தாள். பதினாறு எலும்புகள். எல்லாம் வெளுத்துக் கிடந்தன. இனி அவற்றில் எடுக்க ஒன்றுமில்லை.

அப்போது சொன்னாள்: "நீங்க மூணரைக்குச் சுத்தி வந்திருப்பீங்கள்லா. வந்து மாத்தியிருந்தா எங்கிட்டச் சொல்லாம இருக்க மாட்டீங்க. அப்ப நாந்தான் எடுக்காம விட்டுருக்கேன்."

சொல்லிவிட்டுத் தன் பதிவைத் திறந்து, 'பிரேக் சுழியம்' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 'ஒன்பது' என்று எழுதிக் கையொப்பமிட்டாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள். அடித்ததும் தெரிகிறது. திருத்தியவர் யார் என்பதும் தெரிகிறது.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். நான் போகாமல் இல்லை. பேராசிரியரின் அறைவரை மூன்று முறை போனேன். முதல் முறை உள்ளே யாரோ இருந்தார்கள். இரண்டாம் முறை அவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார். "மேடம், நீங்க ஒருத்தர் இருக்கறதாலதான் இந்த லேப் லேபா இருக்கு. அந்தப் பொண்ணைப் பாருங்க, ஆறு வருஷமா இருந்தும் ஒரு பட்டனைப் பாக்கத் தெரியல" என்றார். என்னிடம்தான் சொன்னார். "பதிவேட்டைப் பாருங்கள் சார்" என்றேன். "பாத்தேன், அவளே எழுதியிருக்காளே" என்றார். மூன்றாம் முறை கதவுவரை போய், அறிவிப்புப் பலகையில் குண்டூசி ஒன்று துருப்பிடித்திருந்தது, அதை மாற்றிவிட்டுத் திரும்பினேன். வருகிற மாதம் முப்பத்தொன்றாம் தேதி எனக்கு ஓய்வு. விழாவில் வாசிக்கப் பேராசிரியர் ஏதோ எழுதி வைத்திருக்கிறாராம். 'முப்பத்தோராண்டுகளில் ஒரு பிழையும் இன்றி' என்று தொடங்குகிறதாம். தட்டச்சு செய்கிற பெண் சொன்னாள்.

நாளைக் காலை பத்தரை மணிக்கு ஆய்வுக் குழு கூடுகிறது. பெர்னதெத்துக்கு ஓராண்டு நீட்டிப்பு வேண்டும். புது எலிகள் வேண்டும். பொறியின் பழுதால் ஆய்வு கெட்டது என்றால் கொடுப்பார்கள். அதற்கு முன்னுதாரணம் உண்டு. கோப்பு எண்கூட எனக்குத் தெரியும். மாணவியின் கவனக்குறைவால் கெட்டது என்றால் கொடுக்க மாட்டார்கள். இந்த மாதத்தோடு முடிந்தது. ஆறாண்டும் போய்விடும். ஊருக்குப் போய் ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேருவேன் என்கிறாள்.

அதனால்தான் புகார்க் கடிதம் எழுதினேன். அவள் எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன். 'பிரேக் அமைப்பு தானாகவே மாறியிருக்கக் கூடுமோ என ஐயம்.' ஐயம் என்றுதான் எழுதியிருக்கிறேன். உறுதியாக எழுதவில்லை.

மோட்டார் நன்றாக இருக்கிறதா. சரி. மின்பலகை? அதுவுமா. பொத்தான்களைப் பார்த்தீர்களா? இது பதினோராண்டுப் பழைய பொறி, பொத்தான் தேய்ந்திருக்காதா? ஒருமுறை அழுத்தினால் இருமுறையாக எடுத்துக்கொள்ளாதா? பொய் எழுதச் சொல்லவில்லை, தம்பி. 'இருக்கலாம்' என்று எழுதலாமே. 'வாய்ப்பை மறுப்பதற்கில்லை' என்று எழுதலாமே. எத்தனையோ அறிக்கைகளில் எழுதுகிறார்கள். எழுதமாட்டேன் என்கிறீர்கள். அறிக்கையில் இல்லாததை எழுதினால் உங்கள் வேலை போய்விடும். ஆமாம். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் எழுதமாட்டேன். உங்களிடம் கேட்டிருக்கக் கூடாது.

அது என்ன திரை? இந்தப் பக்கத்தை நான் பார்த்ததேயில்லை. கடைசி ஐம்பது ஓட்டங்களும் பொறியிலேயே பதிவாகியிருக்கின்றனவா? பதினெட்டாம் தேதி, நான்கு எட்டு. பிரேக் ஒன்பது. ஒன்பதில் வைத்தார்கள், ஒன்பதில் ஓடியது. பொறி சொன்னதைச் செய்திருக்கிறது என்கிறீர்கள். சரி.

யார் வைத்தார்கள் என்று பதிவாகாதா?

ஆகாதா. நல்லது.

இல்லை, நல்லது என்று சொல்ல வரவில்லை. பதிவாகியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும் என்றுதான் சொல்ல வந்தேன். பதிவாகியிருந்தால் நான் எதுவும் சொல்ல வேண்டியிருந்திருக்காது. பொறியே சொல்லியிருக்கும்.

இருங்கள், கைப்பேசி. அவள்தான். வாசிக்கிறேன்: "மேடம், மெஷின் பாக்க ஆளு வந்தாச்சுன்னு சொன்னாங்க. அதுல ஒண்ணும் இல்லன்னா விட்டுருங்க. எனக்காக நீங்க யார்ட்டயும் போய் நிக்க வேண்டாம். நீங்க செஞ்சதே பெருசு." கீழே கைகூப்பிய படம் ஒன்று போட்டிருக்கிறாள்.

செஞ்சதே பெருசு என்கிறாள்.

நீங்கள் என்னவோ சொல்ல வருகிறீர்கள். நாளைக்கு நீங்களே குழுவில் சொல்லிவிடலாமே மேடம், இரண்டு நிமிட வேலைதானே என்கிறீர்கள். உங்களுக்கு வயது முப்பது இருக்குமா? இரண்டு நிமிடம்தான். அதற்குமேல் ஆகாது. நேற்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். எழுவாய் வரைக்கும் வந்தது. 'நான்' என்று வந்தது. அதற்குமேல் வரவில்லை. ஒருவேளை நாளைக்கு வரலாம். அவள் முகத்தைப் பார்த்தால் வரலாம். வராவிட்டால் நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். ஒருவர் வாயை மற்றவர் வந்து திறக்க முடியாது.

மூடியைப் பூட்டிவிட்டீர்களா? திருகாணி மிஞ்சவில்லையே. நல்லது. நீங்கள் முறையாகச் செய்கிறவர்.

அறிக்கையா? கொடுங்கள், படித்துவிட்டுத்தான் கையொப்பமிடுவேன். 'பொறியில் பழுது ஏதும் காணப்படவில்லை. அமைத்தவாறே இயங்கியுள்ளது.' சரியாக எழுதியிருக்கிறீர்கள். தேதியில் மட்டும் மாதத்தைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள்; ஒற்றைக் கோட்டால் அடித்துத் திருத்துங்கள். ஆம், அப்படித்தான். பக்கத்தில் கையொப்பம்.

எனக்கு எங்கே? கீழே. அதற்கு மேலே ஒரு கட்டம் இருக்கிறது: 'பழுது குறித்துப் பயன்படுத்துவோர் கூற விரும்புவது.' அதை யாரும் நிரப்புவதில்லை, விட்டுவிடுங்கள் என்கிறீர்கள். நான் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விட்டதில்லை, தம்பி. இந்த அறிக்கை நாளைக்குக் குழுவின் முன்னால் போகும். பேராசிரியர் படிப்பார். அவளும் படிப்பாள். மூன்று வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு வரியே போதும்.

பேனாவைக் கொடுங்கள். கறுப்பு மைதானே?

கொஞ்சம் பொறுங்கள். அவசரம் ஒன்றுமில்லையே உங்களுக்கு.

தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நகரக் கூடாது.

முடிந்தது. எடுத்துக்கொள்ளுங்கள். கோடு நேராக இருக்கிறதா? அளவுகோல் வைக்காமல் போட்டது.